நகரில் நகர்ந்த தெரு

கள்ளக்குறிச்சியில் ஒரு தெருவையே ஒரு கார் அகலத்துக்குத் தெற்கே தள்ளி வைத்தவன் நான். பொக்லைன் கிடையாது, கோர்ட்டு கேசு கிடையாது, கட்சிக்காரர் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கவில்லை. தெரு பாட்டுக்குப் படுத்திருந்தது, நான் தள்ளினேன், அது போய்விட்டது. இதை டீக்கடையில் சொன்னேன், சிரித்தார்கள். சலூனில் சொன்னேன், பாதிக் கன்னத்தில் கத்தியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். போகப் போகச் சிரித்தவர்கள் எல்லாரும் வந்து பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் அசையவில்லை. என் சகலை தீனதயாளன். என் மனைவியின் அக்காள் புருஷன், நில அளவைத் துறையில் ஊர் நிலங்களுக்குப் புலப்படம் வரைந்து ஓய்வு பெற்றவர். நான் சொன்னதும் மூக்கால் ஒரு சத்தம் விட்டார். "தெருன்றது புலப்படத்துல இருக்கிறது சகலை. புலப்படத்துல ஏறினது நவுராது" என்றார். முப்பது வருடம் ஊர் நிலத்தை எல்லாம் சங்கிலி போட்டு இழுத்த மனிதர் அப்படித்தான் பேசுவார். நானும் சர்க்கரை ஆலை எடைமேடையில் காலம் தள்ளினவன். லாரியோடு சேர்த்து டிரைவர் மனசில் இருக்கிற பாரத்தையும் கிலோவில் சொல்லிவிடுவேன். அதனால் அவர் பேச்சை நான் எடை போட்டுவிட்டுச் சும்மா இருந்தேன்.

நீலமேகம் நகர் என்பது பலகையில் இருக்கிற பெயர். ஊரில் 'நெழல் நகரு' என்றுதான் சொல்வார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் ஒரு திருப்பம் திரும்பியதும் ஆரன் சத்தம் கத்தரித்த மாதிரி நின்றுவிடும். இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள் மேலே கைகோத்துக்கொண்டு நிற்கும். சித்திரையில் ஊரே அப்பளமாய்ப் பொரியும்போது அங்கே மட்டும் ஆட்கள் போர்வை தேடுவார்கள். மொட்டை மாடியில் ஏறினால் மேற்கே கல்வராயன் மலை நீலமாய்ப் படுத்திருக்கும். மலைக்காற்று முதலில் தங்கள் நகரில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஊருக்குள் இறங்குகிறது என்பது அங்கிருப்பவர்களின் நினைப்பு. டாக்டர், வக்கீல், அரிசி ஆலைக்காரர் என்று எல்லாம் பெரிய கைகள். அந்த நகரின் நாய்கள்கூடக் குரைப்பதற்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொள்ளும்.

நாங்கள் இருந்தது லேத்துப் பட்டறை மாடியில். கீழே இரும்பைக் கடைந்தால் மேலே சோற்றுப் பானை ஆடும். என் மனைவி விஜயலட்சுமி முப்பது வருடமாக என்னிடம் நகை கேட்டதில்லை, ஊட்டி கேட்டதில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. மத்தியானத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்க வேண்டும். இரும்புத்தூள் இல்லாமல், சத்தம் இல்லாமல், ஒரு மரத்தின் காற்றில். அவளுடைய அக்காள் தைலம்மாள் நீலமேகம் நகரில் அப்படித் தூங்கிக்கொண்டிருந்தாள். அங்கே போன பிறகு தைலம்மாளுக்குப் பெயர் 'தைலா மேடம்'. அக்காள் வீட்டுக்குப் போய்விட்டு வந்த நாட்களில் விஜயலட்சுமி என்னோடு பேசமாட்டாள். ஜன்னலைச் சாத்துகிற சத்தத்தில்தான் எனக்கு எல்லாம் தெரியும்.

ஓய்வு பெற்ற பிறகு வீடு தேடிய கதையைச் சொன்னால் உங்களுக்கே வாடகை வீடு பிடித்துப்போகும். தரகர் சின்னக்கண்ணு எங்களைத் தன் வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு சுற்றாத இடமில்லை. 'ஏரி வியூ' என்று ஒரு மனை காட்டினான். மழை வந்தால் ஏரியே வீட்டைப் பார்க்க உள்ளே வரும் இடம் அது. உளுந்தூர்பேட்டை ரோட்டில் 'டவுனுக்குப் பக்கம்' என்று ஒன்று காட்டினான், எந்த டவுன் என்று கடைசி வரைக்கும் சொல்லவில்லை. சங்கராபுரம் வழியில் ஒரு பொட்டலில் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, "இங்க பார்க்கு, இங்க ஜிம்மு, இங்க நீச்சல் கொளம்" என்று கையை வீசினான். அவன் காட்டிய நீச்சல் குளத்தில் ஒரு ஆடு நின்று மேய்ந்துகொண்டிருந்தது. விஜயலட்சுமி ஒவ்வொரு முறையும் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்பாள்: "மரம் எங்க?" சின்னக்கண்ணு, "வெச்சா வளரும்மா" என்பான். அவளுக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்படி அலுத்துப்போய்க் கிடந்த நேரத்தில்தான் கலீலுல்லா பாய் வீடு விலைக்கு வந்தது. நீலமேகம் நகரில், மூன்றாவது தெருவின் மேற்குக் கோடியில், தீனதயாளன் வீட்டுக்கு ஒட்டினாற்போல் அடுத்த வீடு. கிழக்குப் பார்த்த வாசல். உள்ளே ஒரு தூங்குமூஞ்சி மரம், பின்கட்டில் காய்த்துக் கொட்டுகிற எலுமிச்சை. பாய்க்குக் கடைத்தெருவில் பெயிண்ட் கடை. மகன் உளுந்தூர்பேட்டையில் பெரிதாக ஒன்று திறக்கிறான், பொங்கல் கழித்துக் குடும்பத்தோடு போகிறார்கள். விலை எங்கள் கைக்கு எட்டுகிற விலை. அந்த நகரில் அப்படி ஒரு விலை என்றால் யாரோ நமக்குச் சூனியம் வைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும்.

காரணம் இருந்தது. மூன்றாவது தெரு கிழக்கிலிருந்து நேராக வந்து, குறுக்கே போகும் சாலையைத் தொட்டு, பாயின் கேட்டைப் பார்த்து நின்றது. இதற்குத் தெருக்குத்து என்று பெயர். தெரு வந்து வீட்டைக் குத்துகிறதாம். குத்துப்பட்ட வீட்டில் காசு தங்காது, ஆள் தங்காது, நிம்மதி தங்காது. பாய் அந்த வீட்டில் இருபத்தைந்து வருடம் தங்கி, நான்கு பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து, ரத்தக்கொதிப்பு மாத்திரைகூட இல்லாமல் இருக்கிறார். அதைச் சொன்னால், "அவங்களுக்கு அது கணக்கில்ல" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. என் மனைவியும் யோசித்திருக்க மாட்டாள். அந்த வார்த்தையை அவள் காதில் போட்டவர் தீனதயாளன். லேத்துப் பட்டறை மாடிக்காரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் தன் மதில் உயரம் குறைந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, அவள் போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டே பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு நான் பேசாத பேச்சில்லை. வாசலில் ஒரு பிள்ளையாரை வைத்துவிடலாம் என்றேன். தெருக்குத்துக்கு அதுதானே வழக்கம். "சாமிய வாச்மேன் வேலைக்கு வெக்கச் சொல்றீங்களா?" என்றாள். கேட்டை மாற்றி வைக்கலாம் என்றேன். கேட்டுக்கு இடம் விட்டது போக மிச்சமெல்லாம் மரம். மரத்தை எடுத்தால் அவள் எதற்கு அங்கே வர வேண்டும்? கடைசியாக ஒரு நாள், கீழே லேத்து அலறிக்கொண்டிருந்த நேரத்தில், ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"தெருவ கொஞ்சம் அந்தாண்ட நவுத்தி வெச்சிட்டு வந்து சொல்லுங்க. அன்னிக்கே பால் காச்சிடலாம்."

அவள் முடியாது என்று சொன்னாள். நான் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டேன்.

பாயிடம் கெஞ்சிக் கொஞ்சம் அவகாசம் கேட்டேன். சென்னையிலிருந்து ஒரு பார்ட்டி வருகிறது, மரத்தை எடுத்துவிட்டு அடுக்குமாடி கட்டுவார்களாம், தன் வீட்டுக்காரி ஷர்புன்னிசாவுக்கு அதில் மனசில்லை என்றார். பொங்கல் வரைக்கும் பார்ப்பதாகச் சொன்னார். ஒரு தெருவை நகர்த்தப் பொங்கல் வரைக்கும் நேரம். எனக்கு நகர்த்துகிற வழி தெரியவில்லையே தவிர, மற்றபடி எல்லாம் தயார்.

வழி தானாக வந்தது. புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள் காலை. நகருக்குள் வெளியாட்கள் நடைப்பயிற்சிக்கு வரலாம் என்று அவர்களுடைய சங்கம் பெரிய மனது பண்ணியிருந்தது. நானும் கைவீசிக்கொண்டு போனேன். மூன்றாவது தெருவின் நடுவில் யாரோ திருஷ்டி கழித்துப் போட்ட எலுமிச்சை, இரண்டாக வெட்டி, உள்ளே குங்குமம் அப்பி, சிவந்த கண்ணாக வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. எதிரில் டாக்டரின் கார் வந்தது. கப்பல் மாதிரி கார். எலுமிச்சையைப் பார்த்ததும் நின்றது. பின்னால் போனது. தெற்குப் பக்கம் மண்ணில் இறங்கி, குலுங்கி, சுற்றிக்கொண்டு போனது. அடுத்து வக்கீல் வீட்டம்மா ஸ்கூட்டியில் வந்தார், அதே வளைவு. பால்காரர், அதே வளைவு. கடைசியாக என் சகலை. விஞ்ஞானம், அளவு, புலப்படம் எல்லாவற்றையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தவர், காலைத் தரையில் ஊன்றித் தள்ளித் தள்ளிப் பழத்தைச் சுற்றிப் போனார். புது வண்டி வாங்கினால் இதே ஆட்கள்தான் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சையை வைத்து நசுக்குவார்கள். அடுத்தவன் கழித்துப் போட்டது என்றால் மட்டும் அது பழம் இல்லை, வெடிகுண்டு.

நான் அங்கேயே நின்றேன். தெருவின் தார் எப்போதோ பெயர்ந்து போயிருந்தது. வடக்கே மரத்து வேர்கள் மேடாக எழும்பியிருந்ததால் ஒதுங்குகிறவர்கள் தெற்கேதான் ஒதுங்க முடியும். அன்று மத்தியானத்துக்குள் தெற்குப் பக்கம் புதிதாக ஒரு சக்கரத் தடம் விழுந்துவிட்டது. ஒரே ஒரு பழத்துக்கு.

அன்றிலிருந்து என் நடைப்பயிற்சி ஒழுங்காயிற்று. எலுமிச்சையைக் காசு கொடுத்து வாங்கினேன் என்று நினைக்காதீர்கள். ஊறுகாய் போட வேண்டும் என்று ஷர்புன்னிசாவிடம் கேட்டேன். அந்தம்மாள் பை நிறையப் பறித்துக் கொடுத்தார். வெட்டினேன், குங்குமம் அப்பினேன், விடிகிற வேளையில் வேட்டி மடிப்பிலிருந்து நழுவ விட்டேன். அலுப்பு வந்த நாட்களில் பூசணிக்காய் பாதி, நடுவில் ஒரு கட்டி கற்பூரம் எரித்த கரி. கலை என்று வந்துவிட்டால் ஒரே மாதிரி செய்யக் கூடாது. தெரு கூட்டுகிற காசியம்மாள் பழத்தைத் தொடாமல் சுற்றிக் கூட்டினாள். அதனால் பழம் கிடந்த பக்கம் சருகு சேர்ந்தது. சருகு மட்கி, ஐப்பசி மழையில் புல் முளைத்தது. புல்லில் பாம்பு இருக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். சத்தியமாக நான் இல்லை, நான் இரண்டே பேரிடம்தான் சொன்னேன். அதற்கப்புறம் பழம் இல்லாத நாட்களிலும் ஒருவரும் அந்தப் பக்கம் வண்டியை விடவில்லை.

நகர் கொதித்தது. வாட்ஸாப் குழுவில் செய்வினை, ஏவல், பொறாமை என்று பெரிய பெரிய படிப்பு படித்தவர்கள் எல்லாரும் எழுதினார்கள். தீனதயாளன்தான் சங்கத்துச் செயலாளர். நகரின் சொத்து மதிப்பைக் கெடுக்க வெளியாட்கள் செய்கிற சதி என்று அறிக்கை விட்டார். காமிரா வைத்தார். அந்தக் காமிரா அவருடைய காரைத் தவிர வேறு எதையும் பார்க்காது.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது, ஒரே ஓர் ஆளைத் தவிர. கலீலுல்லா பாய் மட்டும் தன் மொபெட்டை நேராகப் பழத்தின் மேலேயே ஏற்றிக்கொண்டு, பாட்டை முணுமுணுத்தபடி வீட்டுக்குள் போய்விடுவார். அவர் போன தடத்தைப் பார்த்து நாலு பேருக்குத் தைரியம் வந்துவிட்டால் என் கதி என்ன ஆவது? ஒரு நாள் அவரைக் கேட்டிலேயே மடக்கினேன்.

"பாய், எல்லாரும் ஒதுங்கிப் போறாங்க. நீங்க மட்டும் ஏன் பழத்து மேலயே ஏத்துறீங்க?"

"பழந்தான சார்? அதும் எங்க வூட்டுப் பழம் மாரியே இருக்குது."

"உங்க வூட்டுப் பழந்தான்."

அவர் மொபெட்டை அணைத்தார். தெருவைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார். பெயிண்ட் கடைக்காரர், எந்த வண்ணத்தில் எதைக் கலந்தால் என்ன வரும் என்பது அவருக்குத் தெரியும். நான் மிச்சத்தைச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

"அப்ப ஊறுகாய்க்குன்னு எட்த்துகினு போனதெல்லாம்?"

"இதுக்குதான் பாய்."

சீட்டில் விழுந்திருந்த சருகைத் தட்டிவிட்டார். பிறகு வண்டியை உதைத்துக் கிளப்பினார். "ஒதுங்கிப் போவணும்னா எந்தப் பக்கம் சார், சோத்தாங்கையா பீச்சாங்கையா?"

"கடையிலருந்து வரும்போது பீச்சாங்கை."

மறுநாளிலிருந்து அந்த நகரிலேயே பழத்துக்கு அதிகமாகப் பயந்த ஆள் பாய்தான். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, தலையை ஆட்டிக்கொண்டு, எல்லாரும் பார்க்கும்படி அகலமாக வளைத்துப் போவார்.

மார்கழியில் சிமெண்ட் ரோடு போட ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பழமும் தெரியாது, புலப்படமும் தெரியாது. வடக்கே புல்லும் சருகும் சொதசொதவென்று இருந்தது. தெற்கே மூன்று மாதம் வண்டி ஓடி இறுகிப்போன தரை. மேஸ்திரி இறுகின பக்கமாகவே கயிறு கட்டினார். சகலைக்கு அளவுக் கண் உண்டே, பிடித்துவிடுவாரே என்று பயந்தேன். பிடிக்கத்தான் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, செயலாளர் நடை நடந்து வந்து, மேஸ்திரியை நிறுத்தினார். வடக்குப் பக்கம் மரங்களுக்குக் கீழே, புல் ஏறாத கோடியில், அவருடைய காரை நிறுத்துகிற இடம் இருந்தது. அது பறிபோய்விடக் கூடாது என்பது மட்டும்தான் அப்போது அவர் கண்ணில் நின்றது.

"இருக்கிற தடத்துலயே போடணும். வடக்க ஒரு இஞ்ச் நவுந்தா வேலைய நிறுத்திடுவேன்."

மேஸ்திரி நவுத்தவில்லை. நானும் நவுத்த வேண்டாம் என்று பக்கத்தில் நின்று சொன்னேன். சகலைக்கு என்மேல் அன்றைக்குத்தான் கொஞ்சம் மரியாதை வந்தது.

சிமெண்ட் காய்ந்ததும் விஜயலட்சுமியைக் கூட்டிக்கொண்டு போனேன். எதற்கு என்று சொல்லவில்லை. பாய் வீட்டு கேட்டில் முதுகைக் காட்டி நிற்க வைத்து, தெருவைப் பார்க்கச் சொன்னேன். வெள்ளையாய்ப் புது ரோடு கிழக்கிலிருந்து வந்தது. வந்து, எங்களைச் சட்டை செய்யாமல், பக்கத்துக் கேட்டை நோக்கிப் போயிற்று. பாய் கேட்டும் தீனதயாளன் கேட்டும் ஒரே மதிலின் இரண்டு பக்கத்தில் இருப்பவை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டடி இடது பக்கம் நகர்ந்து பார்த்தாள், வலது பக்கம் வந்து பார்த்தாள். தலைக்கு மேலே மரம் ஒரு காய்ந்த காயைத் தட்டென்று போட்டது.

"இது நம்ம வூட்டுக்கு வரல" என்றாள்.

நம்ம வூடு என்றாள். அடுத்த வாரம் பத்திரம் எழுதினோம். பால் காய்ச்சிய அன்று ஷர்புன்னிசா ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்து, "நெஜமாவே ஊறுகாய்தான் இது" என்றார். அப்போதுதான் என் மனைவிக்குக் கதை முழுக்கத் தெரிந்தது. தெருவை நகர்த்தியதற்கு அவள் கோபப்படவில்லை. இவ்வளவு நல்ல பழத்தை ரோட்டில் போட்டதற்கு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் படுத்தாள். விளக்கு வைக்கும் நேரத்தில் மரம் இலைகளை மடித்துக்கொண்ட பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

ஆனால் சகலை அசையவில்லை. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. செய்த காரியத்தை ஊரே ஒத்துக்கொண்டபின் பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் இல்லை என்றால் எப்படி இருக்கும்? பழம் போட்ட கதையையும் சொல்லி, வேறு வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். ரோடு வேறு, தெரு வேறு என்றார். சூரியன் சாய்ந்திருப்பதால் அப்படித் தெரிகிறது என்றார். என் கண்ணைப் பரிசோதிக்கச் சொன்னார். அவர் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. நகர்ந்தது என்று வாயால் சொல்லிவிட்டால், தெரு இப்போது யார் வீட்டைக் குத்துகிறது என்று அடுத்த கேள்வி வரும். இதற்கிடையில் தைலா மேடம் தன் கேட்டில் நாக்கைத் தொங்கப்போட்ட பூதத்தின் படம் ஒன்றை மாட்டினாள். அடுத்து ஒரு கண்ணாடி. அடுத்து ஒரு படிகாரக் கட்டி. எல்லாம் அழகுக்கு என்றார் சகலை.

போன மாதம் ஒரு காலை. வெளிச்சம் அப்போதுதான் மரத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பேப்பர் எடுக்க கேட்டுக்குப் போனேன். புது ரோட்டின் தெற்கு ஓரத்தில் யாரோ குந்தியிருந்தார்கள். வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டி, ஒரு கண்ணை மூடி, தன் கேட்டையும் தெருவையும் ஒரு கோட்டில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார் தீனதயாளன். பக்கத்தில் பழைய அளவு நாடா பாதி விரிந்து கிடந்தது. உள்ளங்கையில் பாதி எலுமிச்சை. குங்குமம் மணிக்கட்டு வரைக்கும் வழிந்திருந்தது, தொழில் தெரியாதவர்கள் அப்படித்தான் அதிகமாக அப்பிவிடுவார்கள். என் செருப்புச் சத்தம் கேட்டும் அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முட்டி ஒத்துழைக்கவில்லை என்று நினைக்கிறேன். பழத்தை வைப்பதா மறைப்பதா என்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் கேட்டுக்குள் நின்றபடி பேப்பரை விரித்தேன்.

"அளந்து பாத்துட்டேன் சகலை" என்றார், தெருவைப் பார்த்துக்கொண்டே. "நவுந்துதான் இருக்குது."

பக்கத்தில் ஒரு தூங்குமூஞ்சி இலை மெல்ல விரிந்தது. அவர் பழத்தைத் தரையில் வைத்தார். கொஞ்சம் வடக்கே தள்ளினார், மறுபடி தெற்கே இழுத்தார்.

"இத நவுத்த உனுக்கு எத்தினி பழம் புட்ச்சிது?"